மட்டம் தட்டுதல்

47 விநாடி ஓடும் ஒரு வீடியோ இன்னும் என் செல்போனில் இருக்கிறது. 2021 சித்திரையில் எடுத்தது. முன்னால் டோசர் பலகை மாட்டிய டிராக்டர் ஒன்று செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் காட்டில் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அது போன வழியெல்லாம் சிமெண்ட் பூசிய தரை மாதிரி வழுவழுவென்று கிடக்கிறது. கடைசியில் வீடியோ எடுத்த பையனின் குரல் கேட்கும்: "அண்ணே, கேரம்போர்டு மாதிரி ஆக்கிட்டோம், பாத்துக்கோங்க."

சென்னையில் வாடகை வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஸ்டேட்டஸ் வைத்தேன். எண்பது பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் ஹார்ட் விட்டார்கள். 'வேர்களுக்குத் திரும்புதல்' என்று ஒரு நண்பர் எழுதினார். நான் செய்த முட்டாள்தனங்களில் இத்தனை பேர் வாழ்த்தியது அது ஒன்றைத்தான்.

அந்த வீடியோவுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். டிராக்டருக்கு எதிராக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ஒரு கட்டுரை தொடங்கினாலே அடுத்த பத்தியில் ஏர்மாடு வந்துவிடும் என்று நம் வாசகர்களுக்குப் பழகிப் போயிருக்கிறது. இதில் மாடு வராது. கடைசி வரை டிராக்டர்தான்.

1

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செவல் காடு. மேற்குத் தொடர்ச்சி மலை தூரத்தில் நீலமாகத் தெரியும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே லேசாகச் சரிந்து கிடக்கும். அப்பா போன பிறகு பட்டா என் பெயருக்கு வந்தது. உழுவது, விதைப்பது, களையெடுப்பது, ராத்திரிக் காவல் எல்லாம் அம்மாவின் தம்பி, என் மாமா. வாரத்துக்குச் செய்கிறார். விளைவதில் எங்களுக்கு ஒரு பங்கு, மீதி அவருக்கு. அதாவது காகிதத்தில் நிலம் என்னுடையது, முதுகுவலி அவருடையது.

அந்தக் காடு ஒரு காலத்திலும் மட்டமாக இருந்ததில்லை. தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது குறுக்கே ஒரு வரப்பு போட்டிருக்கிறார்கள். பிறகு சின்னத் தாத்தா பங்கையும் நாங்களே வாங்கி, வரப்பை உழுது கரைத்தாயிற்று. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு முதுகுத்தண்டு இன்னும் கிடக்கிறது. தென்மேற்கு மூலையில் பழைய களம். வருஷக்கணக்கில் மிதித்துக் கெட்டிப்பட்ட இடம். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், நாலு ஓரத்திலும் மேடு. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய கட்டில் மெத்தை மாதிரி இருக்கும். இது போக வெட்டிய பனைகளின் தூர்கள், இடித்த கரையான் புற்றின் அடிகள்.

இதையெல்லாம் 'நிலத்தின் நினைவுகள்' என்று எழுதினால் எளிதில் கைதட்டு வாங்கலாம். மாமாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். "நெனவா? டிராக்டர்ல ஒக்காந்து ஒரு தடவ உழுது பாரு, எந்தெந்த எலும்புல என்ன நெனவு இருக்குன்னு தெரியும்" என்பார்.

மேடு பள்ளத்தால் வரும் தொந்தரவு நிஜமானது. விதைப்புக் கருவியைக் கட்டி மக்காச்சோளம் போட்டால் விதை நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேட்டில் கொழு ஆழமாகக் குத்தி விதையைப் புதைத்துவிடும். பள்ளத்தில் கொழு அந்தரத்தில் தொங்க, விதை மேலே கிடந்து மயிலுக்குத் தீனியாகும். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று பாசிப்பயறு பழுக்கும், பத்தடி தள்ளி மேட்டில் அதே பயறு வாடும். ஒரே காட்டில் ஒரே மழையில் வெள்ளமும் வறட்சியும். ஆக, சமப்படுத்த வேண்டும் என்று முதலில் சொன்னவர் மாமாதான். நான் கண்டுபிடித்தது அல்ல.

நெல்வயலில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அது சுமார் 40,000 லிட்டர். வயலின் ஒரு மூலை பத்து சென்டிமீட்டர் மேடாக இருந்தால், அந்த மூலை நனைவதற்காக மிச்ச வயலெல்லாம் கூடுதலாகப் பத்து சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்க வேண்டும். ஏக்கருக்கு நான்கு லட்சம் லிட்டருக்குப் பக்கம். ஒரு மூலைக்காக. லேசர் லெவலர் வந்தது இதற்குத்தான். முக்காலியில் ஒரு விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். டிராக்டர் இழுக்கும் மண்வாரியின் கம்பத்தில் அந்த ஒளியைப் பிடிக்கும் கருவி இருக்கும். மேட்டில் வாரி தானாக இறங்கி வெட்டும், பள்ளத்தில் தானாக ஏறிக் கொட்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகுக்குள் வயல் மட்டமாகிவிடும். பஞ்சாப், ஹரியானா நெல் கோதுமை நிலங்களில் 2000களிலிருந்து பரவிய கருவி. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நல்ல கருவி. மேல்மண் ஆழமாக இருந்து, தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டிய வயலாகவும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

எங்கள் காடு அந்த மாதிரி நிலம் அல்ல. அது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லப்பட்டது. நான் கேட்கவில்லை.

2

மாமா சொன்னது இதுதான்: "மாப்ள, அவசரம் வேண்டாம். ரெண்டு மூணு வருசத்துல உழவுலயே கொஞ்சங் கொஞ்சமா சரி பண்ணிரலாம். செவல்ல மேல்மண்ணு முக்கா அடிதான் இருக்கு. அதுக்குக் கீழ சுக்கான்."

ரெண்டு மூணு வருஷம் என்ற சொல் எனக்குப் புரியவில்லை. எனக்கு இருந்தது நாலு நாள் லீவு. அதிலும் ஊருக்குப் போக முடியாமல் கொரோனா இரண்டாம் அலை வந்துவிட்டது. போனிலேயே ஏற்பாடு செய்தேன். பக்கத்து ஊர்த் தம்பி ஒருவரிடம் டோசர் மாட்டிய டிராக்டர் இருந்தது. மணிக்கு 1,100 ரூபாய்.

அந்தத் தம்பி நேர்மையானவர். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை. காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். "அண்ணே, மேட்டுல இருக்குற மேல்மண்ண மொதல்ல வழிச்சு ஓரமா குமிச்சு வச்சிட்டு, அடிமண்ண வெட்டிப் பள்ளத்துல போட்டு, பெறவு மேல்மண்ணத் திரும்பப் பரத்தணும். அதான் முறை. ஆனா கூட ரெண்டு நாளு ஆகும்."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த மாதம் ஒரு ஹெட்போன் வாங்கியிருந்தேன். "வேண்டாம் தம்பி, நேரா தள்ளிவிட்ருங்க" என்றேன்.

11 மணி நேரம். 12,100 ரூபாய். ஜிபே. கதை முடிந்தது.

அந்தப் 11 மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் கணக்குப் போட்டேன். மேடுகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரை ஏக்கர். சராசரியாக அரையடி வெட்டியிருக்கிறது. அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. அரையடி ஆழத்துக்கு 10,890 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 109 யூனிட். வீடு கட்டும்போது ஒரு யூனிட் மணல் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள், அதைப் போல 109 குவியல். சராசரி அரையடி என்றால் சில இடத்தில் கால் அடி, சில இடத்தில் ஒரு அடி. ஒரு அடி வெட்டிய இடத்தில் மேல்மண் சுத்தமாகப் போய், வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் பல்லிளித்தது. வெட்டிய நல்ல மண் எங்கே போயிற்று? பள்ளத்துக்குத்தான். ஆனால் முதலில் தள்ளியது நல்ல மண். அது அடியில். பிறகு தள்ளியது அடிமண். அது மேலே. நிலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு மேலே வழுவழுவென்று தேய்த்து வைத்திருந்தோம்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அரையடி என்றால் பதினைந்து சென்டிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு சனிக்கிழமை.

ஒரு வாரத்தில் மாமாவிடமிருந்து போன். யாரோ ஒரு புரோக்கர் காட்டுப் பக்கம் வந்து நின்றாராம். "அண்ணாச்சி, லெவல் பண்ணிட்டியளே, பிளாட் போடப் போறியளா? பார்ட்டி இருக்கு."

அப்போது அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்தப் புரோக்கருக்குத்தான் விஷயம் சரியாகப் புரிந்திருக்கிறது. புல் பூண்டில்லாமல் கேரம்போர்டாக ஆக்கிய செவல் தரையை நம் ஊரில் வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? நெடுஞ்சாலை ஓரத்தில், நாலு மூலையிலும் வெள்ளைக்கல் நட்டு, நடுவில் பெயர்ப்பலகையும் வைத்து. என் கண்ணில் இருந்த 'நல்ல நிலம்' என்ற படம் அங்கிருந்து வந்ததுதான்.

3

2021 வடகிழக்குப் பருவமழை பலருக்கு நினைவிருக்கும். தமிழகம் முழுக்க இயல்பைவிட வெகுவாக அதிகம் பெய்த ஆண்டு. புரட்டாசிக் கடைசியில் மாமா மக்காச்சோளம் போட்டிருந்தார்.

முதல் பெருமழையிலேயே நிரப்பிய பள்ளம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிப் போட்ட மண் தளர்வாகத்தான் இருக்கும், மழை பட்டால் அமுங்கும். அதற்காகத்தான் பள்ளத்தைக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பி, மழையில் அமுங்க விட்டு, பிறகு திரும்ப இழுப்பார்கள். நாங்கள் அதற்கும் காத்திருக்கவில்லை. பழைய பள்ளம் இருந்த இடத்திலேயே புதுப் பள்ளம், இப்போது சேறாக.

வெட்டிய மேட்டில் நேர் எதிர். மட்கு எல்லாம் போன செவல் அடிமண் மழையடியில் இறுகி ஓடு மாதிரி ஆயிற்று. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மேலாக வழிந்து ஓடியது. முன்னால் அந்த நடுப்பள்ளம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று ஏக்கர்த் தண்ணீரையும் தன்னிடம் இழுத்து, வேகத்தைக் குறைத்து, வடகிழக்கு மூலையில் கல் அடுக்கிய வடிகாலுக்குக் கொண்டுபோய் விடும். அதை நாங்கள் அடைத்துவிட்டோம். தண்ணீர் தனக்குத் தோன்றிய இடத்தில் கிழக்கு வரப்பை உடைத்தது. உடைப்பில் போனது யாருடைய மண் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த காட்டு உளுந்தில் அரையடிக்குச் செம்மண் ஏறி, மாமா போய்ப் பேச்சு வாங்கிவிட்டு வந்தார். பட்டா என் பெயரில், பேச்சு அவர் பெயரில்.

பயிர் வந்த லட்சணம் இன்னும் மோசம். சுக்கான் தெரிந்த இடத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இளம் இலைகளில் நரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. துத்தநாகச் சத்துக் குறை. சுண்ணாம்பு நிறைந்த அடிமண் துத்தநாகத்தை வேருக்கு எட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மட்கும் மணிச்சத்தும் மேல்மண்ணோடு போயாயிற்று. வெட்டிய மேடுகளின் வடிவம் அப்படியே பயிரில் தெரிந்தது. பழைய வரப்பு இருந்த இடத்தில் நீளமாக ஒரு குட்டைப் பயிர்க் கோடு. தாத்தா போட்ட வரப்பை மண்ணிலிருந்து அழித்துவிட்டேன், அது பயிரில் ஏறி நின்றது.

அந்த வருஷம் விளைச்சல் பாதிக்கும் கீழ். என் பங்கு குறைந்தது எனக்கு உறைக்கக்கூட இல்லை. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். மாமாவுக்கு அதுதான் வருஷத்து வருமானம். மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். நகை வங்கிக்குப் போயிற்று. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

மேட்டைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். தீர்மானித்தவன் நான். நட்டப்பட்டவர் அவர். 'விவசாயம்' பற்றி நாம் நடத்தும் பெரும்பாலான விவாதங்களின் அமைப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

ஒரு காடு ஏன் மேடும் பள்ளமுமாக ஆகிறது? இந்தக் கேள்வியை வெட்டுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் காட்டின் கட்டில் மெத்தை வடிவத்தைச் செய்தது இயற்கை இல்லை. டிராக்டர்தான். சட்டிக் கலப்பை மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். டிரைவர் காட்டின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால், ஒவ்வொரு சாலும் மண்ணை வெளிப்பக்கம் தள்ளும். கடைசியில் நடுவில் ஒரு வெறும் சால் மிஞ்சும். ஒரு வருஷத்தில் ஒன்றும் தெரியாது. அப்பா காலத்திலிருந்து முப்பது வருஷம், வருகிற டிரைவர் எல்லாம் அதே ஓரத்தில் தொடங்கியிருக்கிறார்கள். மண் மெல்ல மெல்ல நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்து போயிருக்கிறது.

அப்படியென்றால் மருந்தும் அதிலேயே இருக்கிறது. அடுத்த உழவை நடுவில் தொடங்கி, மண் உள்பக்கம் விழும்படி சுற்றி வெளியே போனால், மண் திரும்பி நடக்கும். மேல்மண் மேல்மண்ணாகவே நகரும், அடிமண் அடியிலேயே இருக்கும். செலவு? எப்படியும் உழத்தான் போகிறீர்கள். டிரைவரிடம் "நடுவுல ஆரம்பிங்க" என்று ஒரு வார்த்தை. மாமா சொன்ன ரெண்டு மூணு வருஷம் இதுதான்.

இரண்டாவது, பலகையின் சங்கதி. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் லெவல் பலகையைப் பாருங்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், பின்பலகை கீழே குத்தும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்பலகை மேலே எழும்பி, சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும். பள்ளம் மேடு பார்த்துக் கையிலிருக்கும் நெம்பியை ஓயாமல் ஏற்றி இறக்கத் தெரிந்த கைகாரர்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு மேட்டைத் தட்டப் போய் இரண்டு அலையை உண்டாக்கிவிட்டு வருவீர்கள். பலகையை முன்னால் மாட்டினாலும் இதே கதைதான்.

இதற்கு மாமா 2022இல் ஒரு காரியம் செய்தார். வெல்டிங் கடையில் பழைய இரும்பு கர்டர் இரண்டை வாங்கி, 18 அடி நீளத்தில் ஏணி மாதிரி ஒரு சட்டம் அடிக்கச் சொன்னார். ஏணியின் நடுவில் குறுக்கே ஒரு வெட்டுப் பலகை, கடைசியில் இன்னொன்று. அதைத் தூக்கி மாட்டுவது கிடையாது. டிராக்டர் கொக்கியில் சங்கிலி போட்டுத் தரையோடு இழுப்பதுதான். சட்டம் நீளமாக இருப்பதால் சின்ன மேடு பள்ளத்தைப் பாலம் மாதிரி தாண்டி நிற்கும். டிராக்டர் எப்படி ஆடினாலும் நடுப்பலகை ஆடாது. மேடு வந்தால் சீவும், பள்ளம் வந்தால் சீவிய மண் தானாக விழும். பரம்படிப்பதன் அதே யோசனைதான். பரம்பு அகலவாக்கில் செய்வதை இது நீளவாக்கில் செய்கிறது.

அதற்கு முன்னால் ஒன்பது கொத்துக் கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக உழுது மண்ணைத் தளர்த்த வேண்டும். பதம் முக்கியம். ஈரம் அதிகமிருந்தால் மண் களியாக இழுபட்டு இறுகும். சுத்தமாகக் காய்ந்திருந்தால் கட்டி கட்டியாக உருளும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உதிர வேண்டும். ஒரு நாள் மூலைக்கு மூலை, மறுநாள் எதிர்மூலைக்கு. ஒரு தடவைக்கு ரெண்டு விரக்கடைக்கு மேல் சீவக்கூடாது. அவ்வளவுதான். ரொட்டவேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது மேலே தூளாக்கி மட்டமானது போலக் காட்டும். ஒரு மழை பெய்தால் பவுடர் கலைந்துவிடும். வருஷம் முழுக்க அதையே அடித்துக்கொண்டிருந்தால் கீழே ஒரு கெட்டித் தளம் வேறு சேரும்.

நான் கெடுத்த அரை ஏக்கருக்குத் தனி வைத்தியம். கண்மாய்க் கரம்பை அடித்தோம். ஆட்டுக்கிடை போட்டோம். கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதோம். ஏக்கருக்கு 10 கிலோ கணக்கில் துத்தநாக சல்பேட். இந்த முறை பணம் நான் கொடுத்தேன். 12,100 ரூபாயைப் போலப் பல மடங்கு ஆயிற்று. இன்னும் அந்த இடம் மற்ற இடம் மாதிரி ஆகவில்லை.

5

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

முதலில் இயந்திரம் என்றாலே முகம் திருப்பும் நண்பர்களோடு. நிலத்தைப் பற்றி நம் இணைய இதழ்களில் வரும் கட்டுரைகளில் டிராக்டர் எப்போதும் வில்லன். மண்புழு அழும், டீசல் நாறும், தாத்தாவின் மேழி பரணில் தூங்கும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுபதை நெருங்கும் என் மாமா, மூன்று ஏக்கரை மாடு கட்டி உழ வேண்டும் என்று யாருக்காக ஆசைப்பட வேண்டும்? நீங்கள் படிப்பதற்காகவா? என் காட்டைக் கெடுத்ததும் டிராக்டர், சரி செய்ததும் டிராக்டர். வித்தியாசம் பின்னால் கட்டிய இரும்பின் நீளத்திலும், அதை யார் எவ்வளவு அவசரத்தில் இழுக்கச் சொன்னார்கள் என்பதிலும் இருந்தது. இயந்திரத்தைத் திட்டுவது சுலபம், அது தீர்மானம் எடுத்தவனைத் தப்பவிடும். நான் அப்படித் தப்பிக்கப் பார்த்தவன், அதனால் தெரியும்.

அடுத்து எதிர்முகாம். 'ஒரே நாளில் உங்கள் நிலம் ரெடி' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள், அதைப் பார்த்து நம்புகிறவர்கள். உழவு எப்போதுமே மணிக்கணக்கு வாடகையாக ஆனபின் ஒரு கேடு வந்து சேர்ந்தது. மெதுவாகச் செய்யும் நல்ல வேலை வாங்குகிறவனுக்கு நட்டமாகத் தெரியும், வேகமாகச் செய்யும் கெட்ட வேலை லாபமாகத் தெரியும். டிராக்டருக்குத் தவணை கட்டும் தம்பியும், நாலு நாள் லீவில் வந்தவனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மேல்மண்ணை ஓரமாகக் குமித்து வைக்க யாருக்கு நேரம் இருக்கும்? மணிக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். மேல்மண் மேலேயே இருக்க வேண்டும், அதற்கு மொத்தமாக எவ்வளவு என்று பேசுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை.

மூன்றாவது, உவமைக்காரர்கள். மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரப்புவது என்றாலே சமத்துவம் என்று கவிதை எழுதிவிடுகிறோம். நான் மேட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது இதைத் திருப்பிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: மனிதர்களுக்கு நடுவிலுள்ள மேடு வேறு, மண்ணின் மேடு வேறு. மண்ணை மண்ணாகப் பாருங்கள். உவமையாகப் பார்த்தால் அது எத்தனை அடி ஆழம் என்று கேட்கத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் என் கதையில் தட்டப்பட வேண்டிய மேடு ஒன்று இருந்தது: உழுகிறவர் சொல்லை விடப் பட்டா வைத்திருப்பவன் சொல் உயரத்தில் இருந்ததே, அது. அதன் மேல் எந்தப் பலகையும் படவில்லை.

திருக்குறளில் உழவு அதிகாரத்தின் பத்துக் குறளில் நிலத்தை மட்டமாக்குவது பற்றி ஒன்றும் இல்லை. உழுத புழுதியைக் காயவிடச் சொல்கிறார், எரு போடச் சொல்கிறார், காவல் காக்கச் சொல்கிறார். பிறகு, நிலத்துக்கு உரியவன் போய்ப் பார்க்காமல் இருந்தால் அது ஊடிவிடும் என்கிறார். பள்ளியில் படித்தபோது அது ஒரு அழகான உவமை என்று மட்டும் நினைத்து ஐந்து மார்க் வாங்கினேன். 47 விநாடி வீடியோவில் நிலம் பார்ப்பது போய்ப் பார்ப்பதில் சேராது என்று தெரிந்துகொள்ள ஒரு வரப்பு உடைய வேண்டியிருந்தது.

6

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் மாமா கூப்பிட்டார். "வா மாப்ள, மட்டம் பாப்போம்."

லேசர் ஏதாவது வாடகைக்கு எடுத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு கட்டு எருக்கங்குச்சி இருந்தது. காட்டில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு குச்சி. வெயில் ஏறி முதலில் வெளுத்துக் காய்கிற இடத்தில் வேறு மாதிரி, முனை ஒடித்த குச்சி. மத்தியானத்துக்குள் மூன்று ஏக்கருக்கும் ஒரு வரைபடம் கிடைத்துவிட்டது. அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன். அடுத்த உழவுக்கு டிராக்டர் வந்தபோது, எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் மண் விழ வேண்டும், சட்டத்தை எங்கே எத்தனை தடவை இழுப்பது எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அதே பக்கத்து ஊர்த் தம்பிதான் ஓட்டினார். இந்த முறை மணிக்கணக்குப் பேசவில்லை.

காடு இப்போதும் மட்டமாக இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே அதே சரிவு. அதைத் தொடவில்லை, தொடவும் மாட்டோம். குறுக்கே சரிவை மறித்து ரெண்டு சின்ன வரப்பு போட்டிருக்கிறோம். நடுப்பள்ளம் ஆழம் குறைந்து ஒரு அகலமான தொட்டில் மாதிரி ஆகியிருக்கிறது. தண்ணீர் பழையபடி அதன் வழியாகவே வடிகாலுக்குப் போகிறது. பழைய வரப்பின் முதுகு கரைந்துகொண்டிருக்கிறது, இன்னும் ரெண்டு வருஷம் ஆகலாம். விதை ஒரே ஆழத்தில் விழுகிறது. வண்டி தூக்கிப் போடுவதில்லை. இந்த முறை நான் வீடியோ எடுத்தேன், யாருக்கும் அனுப்பவில்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உங்களில் யாருக்காவது ஊரில் மூன்று ஏக்கரோ முப்பது சென்ட்டோ இருக்கலாம். என்றாவது ஒருநாள் அதைச் 'சரி பண்ண' ஆசை வரும். நல்ல ஆசைதான். டிராக்டருக்கு போன் போடும் முன் ஒரு மழைக்குக் காத்திருங்கள். மழை விட்ட மறுநாள் ஒரு கட்டுக் குச்சியோடு காட்டுக்குள் இறங்குங்கள். அங்கே வேலை செய்கிறவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். குச்சியை அவர் கையில் கொடுங்கள்.